சனிக்கோளுக்கு ஒரு வாசல்

புதிதாக அறிவியல் ஆசிரியர்களாக வந்திருக்கும் உங்களிடம் பாடத்திட்டத்தைப் பற்றிப் பேச எனக்கு ஆசையில்லை. அதைப் புத்தகம் பார்த்துக்கொள்ளும். சூரியக் குடும்பம் நடத்தப் போய், காவல் நிலையத்தில் ஒரு கோளை விடுவிக்கச் சொல்லிக் கெஞ்சி நின்றவள் நான். அதைச் சொல்கிறேன். உங்களுக்கும் என்றாவது இப்படி ஒன்று வரும். கோள் வேண்டுமானால் வேறாக இருக்கலாம்.

வீரபாண்டிப் பக்கம் ஓர் உதவி பெறும் பள்ளியில் வேலை பார்த்தேன். பிள்ளைகளின் வீட்டில் பெரியவர்கள் பெரும்பாலும் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள். ஒருநாள் ஒன்பதாம் வகுப்பில் கோள்களின் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் எழுந்து, பூமிக்கு இவ்வளவு பக்கத்தில் வியாழன் இருந்தால் சுற்றும்போது இடித்துக்கொள்ளாதா என்று கேட்டாள். படத்தில் எல்லாக் கோள்களும் டவுன் பஸ்ஸில் நிற்கிற மாதிரி தோளோடு தோள் உரசிக்கொண்டுதான் நின்றன. அச்சடித்தவர் பக்கத்துக்குள் அடக்க வேண்டுமே. தூரம் மிக அதிகம் என்று சொல்லிப் பார்த்தேன். அந்தப் பெண் தலையாட்டினாள். நம்பவில்லை என்பதற்கான தலையாட்டல் அது. போகப்போக உங்களுக்கும் அது அடையாளம் தெரியும்.

எங்கள் தலைமையாசிரியையிடம் போய்ப் புலம்பினேன். அவர் பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் அவருக்குப் பிடிக்காது. சத்துணவு அரிசியைப் பார்வையிட்டுக்கொண்டே கேட்டவர், ஒரே வரியில் முடித்துவிட்டார்.

"போர்டுல எடம் பத்துலீன்னா ரோட்டுக்குப் போ கண்ணு."

அப்படித்தான் ரோட்டுக்குப் போனேன். ஆயிரம் கிலோமீட்டரை ஒரு சென்டிமீட்டராகச் சுருக்கிக் கணக்குப் போட்டேன். சூரியன் பதினான்கு மீட்டர் அகலம், எங்கள் மைதானத்தில் ஒரு வட்டமாக அடங்கியது. பூமி உரித்த தேங்காய் அளவு, ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி ஒரு பேக்கரி வாசலில். நிலா சின்ன எலுமிச்சம்பழம், பூமியிலிருந்து நாலு மீட்டர் கூட இல்லை, பக்கத்து செல்போன் கடையில். வியாழன் ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர், சனி பதினான்கு. அதே ரோட்டைப் பிடித்துப் போனால் நெப்டியூன் தாராபுரத்தை ஒட்டி வந்து நின்றது. தாராபுரம் ரோடு சூரியக் குடும்பத்துக்காகவே போட்டது போல எனக்குத் தோன்றியது. அந்தச் சந்தோஷம்தான் கண்ணை மறைத்தது.

கோள்களைச் செய்து தர முன்வந்தவர் சென்னியப்பன். எங்கள் மாணவி ஒருத்தியின் அப்பா, பல்லடம் பக்கம் பனியன் யூனிட் வைத்திருப்பவர். ஷேடு மாறி ரிஜெக்ட் ஆன துணியும், உள்ளே அடைக்கக் கட்டிங் வேஸ்டும் அவரிடம் மலையாகக் கிடந்தன. அவருடைய ஆட்கள் வேலையை ஓர் ஏற்றுமதி ஆர்டர் போலவே நடத்தினார்கள். முதலில் பூமியின் சாம்பிள் அப்ரூவலுக்கு வந்தது. கடலின் நீலம் சரியா என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றார்கள். ஒரு பீஸுக்காக மெஷினை செட் பண்ண முடியாது என்று கட்டிங் மாஸ்டர் சொல்லிவிட்டதால் ஒரு டஜன் பூமிகள் தைக்கப்பட்டன. மீந்தவற்றை இடைவேளையில் பிள்ளைகள் உதைத்து விளையாடினார்கள். வியாழனின் பெரிய செம்புள்ளியை டி-ஷர்ட்டின் நெஞ்சில் அடிப்பதுபோல் பிரிண்ட் அடித்திருந்தார்கள். அடியில் பழக்கதோஷத்தில் ஒரு லேபிளும் வைத்துத் தைத்திருந்தார்கள்: நூறு சதவீதம் பருத்தி, குளிர்ந்த நீரில் துவைக்கவும், இஸ்திரி போட வேண்டாம். சனிதான் எல்லாவற்றிலும் அழகு. சொட்டுநீர்க் குழாயை வளைத்து, காலருக்குப் போடும் ரிப் துணியைச் சுற்றி வளையம் செய்திருந்தார்கள். வளையம் ஒரு கட்டிலை விட அகலம்.

இத்தனையும் செய்துகொடுத்துவிட்டு சென்னியப்பன் ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஏனுங் டீச்சர், குருவ மட்டும் நம்ம கம்பெனி வாசல்ல வெச்சுக் குடுத்துருங்க. வேற ஒண்ணும் வேண்டாமுங்க."

குரு என்று அவர் சொன்னது வியாழனை. குரு பார்க்கக் கோடி நன்மை என்று நினைக்கிற ஊர் இது. ஆனால் அவர் கம்பெனி இருப்பது மேற்கே. என்னுடைய கோள்கள் எல்லாம் தெற்கே தாராபுரம் ரோட்டில் வரிசையாக நிற்க வேண்டியவை. அறிவியலில் சலுகை கிடையாது என்று அவரிடம் ஒரு சின்னப் பிரசங்கமே செய்தேன். சரீங்க என்றார். அப்புறம் ஒரு வாரம் என் போனை எடுக்கவில்லை.

வைக்க ஆரம்பித்ததும்தான் நாங்கள் நட்டுக்கொண்டிருப்பது கோள்களையல்ல, ஜாதகத்தை என்று புரிந்தது. வியாழனை எங்கள் வாசலில் வையுங்கள் என்று ரோடு நெடுகக் கேட்டார்கள். வைத்த ஒரு மெக்கானிக் கடை வாசலில் முதல் வியாழக்கிழமையே கொண்டைக்கடலை மாலை விழுந்தது. நிலாவைச் செல்போன் கடைக்காரர் தன் திருஷ்டி எலுமிச்சைக்கும் மிளகாய்க்கும் நடுவில் கட்டிக்கொண்டார். யுரேனஸாலும் நெப்டியூனாலும் ஒரு தொல்லையும் இல்லை, ஏனென்றால் அவை நவக்கிரகத்திலேயே கிடையாது. ராகு கேதுவை எங்கே வைக்கப் போகிறீர்கள் என்று ஒரு பெரியவர் அக்கறையாக விசாரித்தார். அவை கோள்கள் அல்ல, நிலாவின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் இரண்டு புள்ளிகள் என்றேன். அப்படியானால் செலவு மிச்சம் என்று மகிழ்ந்தார்.

சனியைத்தான் யாரும் சீந்தவில்லை. அந்தப் பதினான்காவது கிலோமீட்டரில் ஒருவர் நிலத்தை வீட்டு ஸைட்டாகப் பிரித்து விற்றுக்கொண்டிருந்தார். அவர் ஊரில் இல்லாத நாள் பார்த்து, காவலுக்கு இருந்தவரிடம் சொல்லிவிட்டு, கேட் ஓரத்தில் சனியை நட்டுவிட்டு வந்தோம். திரும்பி வந்தவர் போன் செய்தார். சனி என்பது வெறும் வாயுப் பந்து, அதற்கும் உங்கள் வியாபாரத்துக்கும் சம்பந்தமில்லை என்று விளக்கினேன். வளையம் பனிக்கட்டித் துண்டுகளால் ஆனது என்றுகூடச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். எல்லாம் சரி, ஸைட் பார்க்க வருகிறவர்களிடம் இதையெல்லாம் யார் சொல்வது என்று கேட்டார். நியாயமான கேள்வி என்று அன்றே ஒத்துக்கொண்டிருந்தால் மற்றது நடந்திருக்காது.

அடுத்த நாள் காலையில் சனி, அவருக்குப் போட்டியாக எதிர்ப்பக்கம் ஸைட் போட்டிருந்தவரின் கேட்டில் நின்றது. அவர் அதைக் கொஞ்ச தூரம் தெற்கே தள்ளி ஒரு தேங்காய் எண்ணெய் மில் வாசலில் விட்டார். மில்காரர் இன்னும் தெற்கே. சனி தினமும் ஊர்ந்து கொஞ்ச நாளில் யுரேனஸைத் தாண்டிவிட்டது. நிஜ வானத்தில் இப்படி நடந்திருந்தால் உலகமே கலங்கியிருக்கும். இங்கே எனக்கு மட்டும்தான் கலக்கம், அதுவும் பேருந்தில் போய்வந்த சக ஆசிரியர் சொல்லித்தான் தெரிந்தது.

இதற்கிடையில் சனிக்கிழமை கல்வி அதிகாரி வருவதாக இருந்தது. பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றி, சூரியனில் தொடங்கி ஒவ்வொரு கோளாக அவருக்குக் காட்டுவதாகத் திட்டம். வெள்ளிக்கிழமை காலை இரண்டாவது பீரியடில் போன் அடித்தது. தாராபுரம் ரோட்டில் ஒரு காவல் நிலையத்தின் உதவி ஆய்வாளர்.

"டீச்சர், உங்களுதுங்களா இந்தச் சனி? இங்க வந்து ஒரு முடிவு பண்ணிக் குடுங்க."

போனேன். வாசலில் பிடிபட்ட பைக்குகளுக்கும் ஒரு மணல் லாரிக்கும் நடுவில் சனி கிடந்தது. வளையம் கதவுக்குள் நுழையாததால் வெளியிலேயே போட்டிருந்தார்கள். உள்ளே எதிர்ப்பக்கத்து ஸைட்காரரும் எண்ணெய் மில்காரரும் எதிரெதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். தெற்கே போன சனியை யாரோ திரும்பவும் மில் வாசலிலேயே கொண்டுவந்து போட, வேண்டுமென்றே அனுப்பியது ஸைட்காரர்தான் என்று மில்காரர் கையை ஓங்கியிருக்கிறார். ஸைட்காரரின் சட்டைப் பை கிழிந்திருந்தது. இரண்டு பேருமே புகார் கொடுக்கத் தயாராக இருந்தார்கள். கொடுத்தால் பள்ளிக்கூடத்தின் பெயரும் உள்ளே வரும், எங்கள் தலைமையாசிரியை அங்கே வந்து நிற்க வேண்டும், பிள்ளைகளை இனி ஒருவரும் ரோட்டுக்கு அழைத்துப் போக விடமாட்டார்கள்.

இதைக் கவனியுங்கள். அந்த நேரத்தில் எனக்கு முதலில் வாயில் வந்தது மறுபடியும் பிரசங்கம்தான். சனி ஒரு வாயுக்கோள் என்று ஆரம்பித்தேன். மில்காரர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"டீச்சர், நீங்க சொல்றது பூராவும் நெசமா இருக்கட்டுமுங்க. என்ற பொண்ணுக்கு இப்பத்தான் வரன் பாத்துட்டிருக்கோம். இந்த நேரத்துல வேண்டாமுங்க."

அவர் குரலில் கோபமே இல்லை. பயம்தான் இருந்தது. பயந்துபோனவரிடம் வாதாடி ஜெயித்து நான் என்ன செய்யப் போகிறேன்? வாயை மூடிக்கொண்டேன். அன்று நான் செய்த முதல் உருப்படியான காரியம் அதுதான்.

உதவி ஆய்வாளர் நடைமுறைப்படி என்னிடம் விவரம் கேட்கத் தொடங்கினார். பொருள் என்ன, யார் செய்தது, வழக்கமாக எங்கே இருக்கும்.

"சூரியன்ல இருந்து பதினாலு கிலோமீட்டருங்க."

"சூரியன் எங்க இருக்குதுங்க?"

"எங்க ஸ்கூல் மைதானத்துல."

அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அந்த வேலையில் இருப்பவர்கள் எதையெல்லாமோ கேட்டிருப்பார்கள் போலும். "பதினாலு கிலோமீட்டர். செரி. எந்தத் தெசையில?" என்றார்.

தாராபுரம் ரோட்டில் என்று சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். எந்தத் திசையில்? சனிக்குத் திசை ஏது? அது சூரியனைச் சுற்றுகிறது. இன்று தெற்கில் இருந்தால் சில வருடங்கள் கழித்து வேறொரு பக்கம். எல்லாக் கோள்களும் ஒரே கோட்டில் வரிசை பிடித்து நிற்பது பாடப்புத்தகத்தில் மட்டும்தான். புத்தகத்தின் படம் பொய் சொல்கிறது என்று ரோட்டுக்கு வந்த நான், அதே படத்தை நாற்பத்தைந்து கிலோமீட்டருக்குப் பெரிதாக வரைந்து வைத்திருந்தேன்.

"எந்தத் தெசையிலயும் வெக்கலாமுங்க சார்," என்றேன். "தூரம் மட்டும் மாறக் கூடாது."

சுவரில் மாவட்ட வரைபடம் இருந்தது. அதைக் கழற்றி மேசையில் விரிக்கச் சொன்னேன். உதவி ஆய்வாளர் தன் விசில் கயிற்றைக் கழற்றிக் கொடுத்தார். பள்ளி இருக்கும் இடத்தில் ஒரு காவலர் கட்டைவிரலால் ஒரு முனையை அழுத்திக்கொள்ள, மறு முனையில் பென்சிலைக் கட்டி வட்டம் இழுத்தேன். பெஞ்சில் இருந்த இரண்டு எதிரிகளும் எழுந்து வந்து குனிந்து பார்த்தார்கள். வட்டம் பல்லடம் பக்கத்தையும் காங்கேயம் ரோட்டையும் தொட்டுக்கொண்டு முழுசாகச் சுற்றி வந்தது. இத்தனை இடம் இருக்கும்போது இதற்காகவா அடித்துக்கொண்டோம் என்கிற மாதிரி இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சனி இனி இந்த ரோட்டுக்கே வராது என்று சொன்னேன். புகார் இல்லை என்றார்கள். மில்காரர் தன் குட்டியானை சரக்கு வண்டியையே கொடுத்து, டிரைவருக்கு டீக்கும் சொல்லி அனுப்பினார்.

இதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். நெருக்கடி வரும்போது நாம் எல்லாவற்றையும் இறுக்கிப் பிடித்துக்கொள்வோம். பாடத்தில் எதை விடக் கூடாது, எதை விட்டுக்கொடுத்தால் ஒன்றும் கெட்டுப்போகாது என்று பிரித்துப் பாருங்கள். தூரத்தை விட்டிருந்தால் பாடம் போயிருக்கும். திசையை விட்டதால் பாடம் இன்னும் சரியானது. வண்டியில் ஏறியதுமே சென்னியப்பனை அழைத்தேன். அன்று போனை எடுத்துவிட்டார். வியாழனின் வட்டம் அவர் கம்பெனி வாசல் வழியாகவே போகிறது, நாளைக்கே வைத்துக்கொள்ளலாம் என்றேன். வாசலைக் கழுவி வைக்கட்டுமா என்று கேட்டார்.

ஆனாலும் சனிக்கு இடம் கிடைத்தபாடில்லை. காங்கேயம் ரோட்டில் வட்டம் வெட்டும் இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தோம். ஒரு அரிசி மில்லில் கேட்டேன், முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவசரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கேட்டுவிட்டேன். மேனேஜர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. குட்டியானையில் நிமிர்ந்து நிற்கும் சனியைப் பார்த்து எதிரே வந்த பைக்குகள் ஓரம் கட்டின. டிரைவரும் வண்டியை எங்கே நிறுத்தினாலும் ஏதாவது கோயிலுக்கு நேரே நிறுத்தினார்.

கடைசியில் ஒரு பனியன் கம்பெனி வாசலில் டீ குடிக்க நின்றோம். அங்கேயும் இடைவேளை. டெய்லர்கள் வெளியே வந்து வண்டியைச் சூழ்ந்துகொண்டார்கள். பீகார் பக்கத்துப் பையன்கள் இரண்டு பேர் வளையத்தின் தையலைத் தடவிப் பார்த்து, ஃப்ளாட்லாக் நன்றாக விழுந்திருக்கிறது என்று இந்தியில் பேசிக்கொண்டார்கள். சரசு என்ற டெய்லர் அம்மா முன்னால் வந்து இது என்ன என்று கேட்டார். எனக்கு அதற்குள் அலுத்துவிட்டது. சனிங்க, யாருக்கும் வேண்டாமாம் என்றேன்.

சரசு டீயை ஊதினார். "ஏனுங் டீச்சர், சனின்னா எங்களுக்குச் சம்பள நாளுங்க. அது வர்றதுக்குத்தான் வாரம் பூரா காத்துட்டிருக்கறோம். வேண்டாம்னு சொல்ற ஆள எனக்குக் காட்டுங்க பாக்கலாம்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மேனேஜர் தயங்கினார். ஷிப்மெண்ட் தாமதமானால் அன்றே எடுத்துவிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். டெய்லர்கள் அவர் சொல்லி முடிப்பதற்குள் சனியை இறக்கிக் கேட்டுக்குப் பக்கத்தில் நட்டுவிட்டார்கள். வளையம் சாய்ந்துதான் இருக்க வேண்டும் என்று நான் சொன்னதும், எவ்வளவு சாய்வு என்று கேட்டு, ஒருவர் கட்டிங் டேபிளிலிருந்து ஸ்கேல் கொண்டுவந்தார்.

மறுநாள் கல்வி அதிகாரி வந்தார். மைதானத்தில் சூரியனைப் பார்த்தார். ஒளி இந்த அளவில் மெதுவாகச் சைக்கிள் மிதிக்கிற வேகம்தான் என்று காட்ட, ஒரு பையனைச் சூரியனிலிருந்து பேக்கரிக்கு அனுப்பினோம். அவன் பஸ்ஸைப் பார்த்த உற்சாகத்தில் வேகமாக மிதித்துவிட்டான். ஒளியை விட வேகமாகப் போகக் கூடாது என்று தலைமையாசிரியை மைதானத்தின் நடுவிலிருந்து அதட்டினார். மனிதன் அனுப்பிய மிக வேகமான விண்கலங்களில் ஒன்றே இந்தக் கணக்கில் ஒரு நாளைக்கு ஒரு பஸ் நீளத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் நகரும் என்று சொன்னபோது, பிள்ளைகள் பஸ்ஸை முன்னும் பின்னும் எட்டிப் பார்த்தார்கள்.

மேற்கே போய் வியாழனையும், கிழக்கே போய்ச் சனியையும் பார்ப்பது அதிகாரிக்குச் சுற்றாகப்பட்டது. எல்லாவற்றையும் ஒரே ரோட்டில் வைத்திருக்கலாமே என்றார். நான் பதில் சொல்வதற்குள், இடித்துக்கொள்ளாதா என்று கேட்ட அந்தப் பெண், கோள்கள் ஒரே ரோட்டில் நிற்பதில்லை சார், ஒவ்வொன்றுக்கும் ஒரு ரிங் ரோடு என்றாள். அதிகாரி தலையாட்டினார். இது வேறு வகைத் தலையாட்டல்.

நாங்கள் சனிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஷிஃப்ட் முடிந்து டெய்லர்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். அன்று சனிக்கிழமை, எல்லார் முகத்திலும் தெளிச்சி. பிள்ளைகள் கேட் பக்கம் வரிசையாக நிற்க, நான் பாடம் எடுத்தேன். டெய்லர்களும் கையில் டிபன் பையோடு நின்று கேட்டார்கள். ஒரு கோள் சூரியனை ஒருமுறை சுற்றி வந்தால் அதற்கு ஒரு வருடம், சனி மெதுவாகப் போவதால் அதன் ஒரு வருடம் நமக்கு ஏறக்குறைய இருபத்தொன்பதரை வருடம் என்றேன். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள்.

சரசு எழுதவில்லை. வளையத்தில் ஒரு கையை வைத்துக்கொண்டு, மறு கையில் விரல் விட்டு எண்ணினார்.

"அப்ப அந்த ஊர்ல தீபாவளி போனஸு இருவத்தொம்பது வருசத்துக்கு ஒருக்காத்தானுங்களா டீச்சர்?"

ஆமாம் என்றேன்.

அவர் திரும்பி, கேட்டில் நின்ற மேனேஜரை ஏற இறங்கப் பார்த்தார். "அதுக்கு நம்ம கம்பெனியே பரவால்லீங்க," என்று சொல்லிவிட்டு, டிபன் பையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார்.